சைக்கிள் கேள்வி–பதில்: கம்ப்யூட்டருக்குச் சக்கர அளவைச் சரியாகச் சொல்வது எப்படி?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, ஓடும் வேகத்தையும் தூரத்தையும் காட்டும் சின்னக் கருவியான சைக்கிள் கம்ப்யூட்டரின் சக்கர அளவைப் பற்றியே இருந்தன. அவற்றை மட்டும் தொகுத்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நானும் நண்பரும் ஒரே பாதையில் சேர்ந்தே போய்த் திரும்புகிறோம். அவருடைய கம்ப்யூட்டர் 40.0 கி.மீ. என்கிறது, என்னுடையது 41.1 காட்டுகிறது. புதிதாக வாங்கியது. கருவி பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உள்ளே பதிவாகியிருக்கும் சக்கர அளவு உங்கள் டயருக்குப் பொருந்தவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இந்தக் கருவி தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. ஸ்போக்ஸ் கம்பியில் மாட்டிய காந்தம், ஃபோர்க்கில் கட்டிய சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் சென்சாருக்குள் இருக்கும் ரீட் ஸ்விட்ச் (காந்தம் அருகில் வந்தால் மூடும் சின்ன ஸ்விட்ச்) ஒருமுறை மூடித் திறக்கிறது. அதை ஒரு சுற்று என்று எண்ணிக்கொள்கிறது. சுற்றுகளின் எண்ணிக்கையை நீங்கள் பதிந்து வைத்த சுற்றளவால் பெருக்கினால் தூரம். அந்தச் சுற்றளவை ஒரு சுற்றுக்கு ஆன நேரத்தால் வகுத்தால் வேகம். எண்ணுவதில் கருவி தவறுவது அபூர்வம். ஆனால் சுற்றளவு தவறாக இருந்தால் தூரம், வேகம், சராசரி, உச்ச வேகம், ஓடோமீட்டர் (இதுவரை ஓடிய மொத்தத் தூரம்) எல்லாமே அதே விகிதத்தில் தவறும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 41.1-ஐ 40.0-ஆல் வகுத்தால் 1.0275. அதாவது 2.75 சதவீதம் கூடுதல். 700×32 (32 மி.மீ. அகல) டயருக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் சுற்றளவு எண் 2155 மி.மீ., 700×23-க்கு 2096. இவற்றின் விகிதம் 1.028. ஆகவே கருவியில் தடித்த டயருக்கான எண் இருந்து, சைக்கிளில் மெல்லிய டயர் ஓடினால் ஏறக்குறைய இந்த வித்தியாசமே வரும். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே எல்லாக் கருவிக்குள்ளும் ஏதோ ஓர் எண் இருக்கும். அதை மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நண்பருடைய 40.0 சரி என்பதற்கும் ஆதாரம் இல்லை. இருவருமே அளந்து பாருங்கள்.

கேள்வி: டயரில் 700×28சி என்றும், அதன் பக்கத்திலேயே 28-622 என்றும் இருக்கிறது. எதைப் பார்த்துச் சுற்றளவைக் கண்டுபிடிப்பது?

இரண்டாவதைப் பாருங்கள். 28-622 என்பது ஈடிஆர்டிஓ (ஐரோப்பிய டயர், ரிம் தொழில்நுட்ப அமைப்பு) முறை. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இதில் குழப்பத்துக்கே இடமில்லை.

700 என்பது வெறும் பெயர். 700×28 டயரின் வெளிவிட்டத்தை அளந்தால் 680-க்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். 700-ஐ 3.1416-ஆல் பெருக்கி 2199 என்று போட்டுவிட்டால் மூன்று சதவீதம் ஏமாந்துபோவீர்கள். அங்குலக் கணக்கு இன்னும் மோசம். 26 அங்குலம் என்று விற்கப்படும் டயர்களில் 26×2.0 உட்காரும் ரிம் 559, 26×1⅜ உட்காரும் ரிம் 590, 26×1½ என்றால் 584. மூன்றும் வெவ்வேறு சக்கரங்கள். மறுபக்கம், 29 அங்குல மலைச் சைக்கிளும் 700சி ரோடு சைக்கிளும் ஒரே 622 ரிம்தான். டயரின் பருமன்தான் வேறு.

தோராயமாகக் கணக்கிட ஒரு வழி: ரிம் விட்டத்தோடு அகலத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டி, 3.1416-ஆல் பெருக்குங்கள். 28-622 என்றால் 622 + 56 = 678, சுற்றளவு 2130. டயரின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று என்ற ஊகத்தில் நிற்கும் கணக்கு இது. கையேடுகளில் வரும் அட்டவணை எண்களும் இதை ஒட்டியே இருக்கும்: 25-622-க்கு 2105, 28-622-க்கு 2136, 38-622-க்கு 2180, 26×1.95-க்கு 2050, 29×2.1-க்கு 2288. இன்று மாலையே ஓட்ட வேண்டும் என்றால் இவற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். ஒரு சதவீதத்துக்குள் இருக்கும்.

கேள்வி: அட்டவணை போதாது, அளந்துதான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அளப்பதற்குச் சரியான முறை எது? டயரைச் சுற்றி நூல் கட்டி அளக்கலாமா?

நூல் கட்டி அளப்பதை விட்டுவிடுங்கள். ஆள் ஏறாத, நசுங்காத டயரின் வெளிச்சுற்றளவுதான் அதில் கிடைக்கும். பட்டன் வைத்த (மேல்தோலில் தடித்த கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும்) டயராக இருந்தால் நூல் பட்டன்களின் உச்சியில் உட்காரும். பெரும்பாலும் பத்து இருபது மி.மீ. கூடுதலாகவே வரும். சக்கரத்தை உருட்டி அளப்பதுதான் சரியான முறை, அதுவும் நீங்கள் மேலே உட்கார்ந்திருக்கும்போது.

முதலில் காற்று. வழக்கமாக எந்த அழுத்தத்தில் ஓட்டுகிறீர்களோ அதே அழுத்தத்துக்கு, அளவுமானி உள்ள பம்ப்பால் அடித்துக்கொள்ளுங்கள். இதை அளந்து முடித்த பிறகு செய்தால் பயனில்லை. பிறகு இடம். மேடு பள்ளம் இல்லாத சிமென்ட் தரை, நேராகப் பன்னிரண்டு பதின்மூன்று மீட்டர் வேண்டும். தரையில் சாக்பீஸால் ஒரு நேர்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கட்டங்கள் உள்ள தரையானால் அந்தக் கோடே போதும்.

சென்சார் எந்தச் சக்கரத்தில் இருக்கிறதோ அந்தச் சக்கரத்தைத்தான் அளக்க வேண்டும். முன்னால் ஒரு டயர், பின்னால் வேறு டயர் போட்டிருப்பவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான்.

வால்வை நேர்கீழே வைத்துத் தரையில் கோடு போட்டு, உருட்டி, மறுபடி வால்வு கீழே வரும்போது கோடு போடுவது பரவலான வழி. அதில் இரண்டு தொல்லை. வால்வு மிகச் சரியாகக் கீழே இருக்கிறதா என்பதை மேலேயிருந்து பார்க்கும் கண் நாலைந்து மி.மீ. தவறாகச் சொல்லும். சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு குனிந்து பார்த்தால் உடல் எடை முன்னால் சாய்ந்து அளவே மாறிவிடும்.

அதைவிட நல்ல வழி: டயரின் நடுவில், தரையைத் தொடும் இடத்தில், ஒரு பொட்டு பற்பசையோ கெட்டியாகக் கரைத்த வாட்டர் கலரோ வையுங்கள். பட்டன் டயரானால் நடுவரிசையில் ஒரே ஒரு பட்டனின் மேல் வையுங்கள். எண்ணெய் கலந்த எதையும் வைக்க வேண்டாம், வழுக்கும். பொட்டு வைத்த இடம் தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பாக இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, வழக்கமாகக் கைப்பிடியைப் பிடிக்கும் இடத்திலேயே பிடித்து, கோட்டின் மேல் மெதுவாக நேராக ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தரையில் ஒரு பொட்டு விழும். ஓட்டும்போது கைப்பிடி ஆடினால் சக்கரம் வளைந்து வளைந்து போகும். பொட்டுகளுக்கு இடையிலான நேர்தூரம் சக்கரம் உண்மையில் உருண்ட தூரத்தைவிடக் குறைந்துவிடும். பொட்டுகள் கோட்டை விட்டு விலகியிருந்தால் அந்த ஓட்டத்தை ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இப்போது முதல் பொட்டிலிருந்து ஆறாவது பொட்டு வரை அளக்க வேண்டும். அது ஐந்து சுற்று. ஆறு பொட்டு இருப்பதால் ஆறால் வகுத்துவிடாதீர்கள். பொட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு, இரும்பு டேப்பால் அளக்கவும். துணி டேப் இழுத்தால் நீளும். ஐந்து மீட்டர் டேப்பை மூன்று முறை ஒட்டி ஒட்டி அளந்தால் ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு பிழை சேரும், ஆகவே பத்து மீட்டருக்கு மேல் நீளும் டேப்பை இரவல் வாங்கியாவது அளங்கள். 10,615 மி.மீ. வந்தால் ஐந்தால் வகுத்து 2123. அதுதான் உங்கள் எண்.

ஐந்து சுற்று எதற்கு என்றால், அளப்பதில் 5 மி.மீ. பிசகினாலும் வகுத்த பிறகு அது 1 மி.மீ. ஆகிவிடும். ஒரே சுற்றில் அளந்தால் அந்த 5 மி.மீ. முழுவதும் கணக்கில் ஏறிவிடும். மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள். மூன்றும் 2 மி.மீ.-க்குள் ஒத்துப்போனால் நிம்மதியாகப் பதியலாம்.

கேள்வி: ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிலிலிருந்து தரைவரை உயரத்தை அளந்து 6.283-ஆல் பெருக்கினால் போதாதா? எளிதாக இருக்கிறதே.

எளிதுதான், ஆனால் விடை குறைவாக வரும். ஆள் உட்கார்ந்ததும் டயர் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் நசுங்குகிறது. மற்ற இடத்தில் பழைய சுற்றளவு அப்படியே இருக்கிறது. சக்கரம் உருளும்போது அந்தச் சுற்றளவு முழுவதும் தொடும் இடத்தின் வழியாகக் கடந்தாக வேண்டும். அதனால் ஒரு சுற்றில் நகரும் தூரம், நசுங்கிய ஆரத்தை வைத்துக் கணக்கிட்டதைவிட அதிகமாகவும், நசுங்காத ஆரத்தை வைத்துக் கணக்கிட்டதைவிடக் குறைவாகவும் இருக்கும். சரியாக எந்த இடம் என்பது டயரையும் காற்றையும் எடையையும் பொறுத்தது. நூல் முறை ஒரு பக்கம் தவறும், ஆக்சில் முறை மறுபக்கம் தவறும். நடுவில் இருக்கும் உண்மையை உருட்டித்தான் பிடிக்க முடியும்.

கேள்வி: ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு இவ்வளவு பாடா? காற்று குறைந்தாலே மாறிவிடுமே?

நியாயமான கேள்வி. 2100 மி.மீ. சுற்றளவில் 1 மி.மீ. தவறினால் 100 கி.மீ.-க்கு 48 மீட்டர் பிசகும். 10 மி.மீ. தவறினால் 476 மீட்டர். தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வழிக்குறிப்பைப் பார்த்துக்கொண்டு, 63.4 கி.மீ.-இல் இடப்பக்கம் திரும்பு என்று எழுதியிருப்பதை நம்பி இருட்டில் ஓட்டுகிறவருக்கு அரை சதவீதமே 300 மீட்டர் ஆகிவிடும், திருப்பம் தவறிப்போகும்.

காற்றழுத்தம் மாறினால் சில மி.மீ. மாறும், உண்மை. டயர் தேய்வதும் கணக்கில் வரும்: மேல்தோல் 1 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு 6.3 மி.மீ. குறையும், அதாவது 0.3 சதவீதம். ஆகவே 1 மி.மீ. துல்லியத்தை ஆண்டு முழுவதும் காப்பாற்ற முடியாது. புது டயர் போட்டு ஓரிரு வாரம் ஓட்டிய பின் ஒருமுறை, பாதி தேய்ந்ததும் ஒருமுறை அளந்தால் கால் சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். சின்னச் சக்கர மடிப்புச் சைக்கிளுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 1300 மி.மீ. சுற்றளவில் அதே 10 மி.மீ. தவறு 0.77 சதவீதம் ஆகிவிடுகிறது.

கேள்வி: தரையில் அளக்க இடமில்லை. கிலோமீட்டர் கல்லை வைத்துச் சரிசெய்யலாமா? ஜிபிஎஸ்ஸை வைத்து?

செய்யலாம். சூத்திரம் ஒன்றுதான்: புதிய எண் = இப்போதிருக்கும் எண் × உண்மைத் தூரம் ÷ கருவி காட்டிய தூரம். 2096 என்று பதிந்திருக்கிறீர்கள், உண்மையில் 10 கி.மீ., கருவி 9.86 காட்டியது என்றால் 2096 × 10 ÷ 9.86 = 2126. வகுக்க வேண்டியதைப் பெருக்கி, தவறை இரட்டிப்பாக்கிவிடுவது சகஜம். கருவி குறைவாகக் காட்டினால் எண் ஏற வேண்டும், கூடுதலாகக் காட்டினால் எண் இறங்க வேண்டும் என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தூரம் குறைவாக இருந்தால் இந்த முறை உதவாது. திரையில் கடைசி இலக்கம் 0.01 கி.மீ., அதாவது 10 மீட்டர். ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அந்தப் பத்து மீட்டரே ஒரு சதவீதம். பத்து கிலோமீட்டர் ஓட்டினால்தான் அது 0.1 சதவீதமாகச் சுருங்கி, சுற்றளவில் 2 மி.மீ. ஆகும்.

கிலோமீட்டர் கல்லைத் தனியாக நம்ப வேண்டாம். சாலையை அகலப்படுத்தும்போதும் வளைவை நேராக்கும்போதும் கற்கள் இடம் மாறும், சில பழைய இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு கல்லிலும் கருவியின் எண்ணைக் குறித்துக்கொண்டே போங்கள். பத்தில் ஒன்பது இடைவெளிகள் 0.98, 0.99 என்று ஒரே சீராக வந்து, ஒன்று மட்டும் 0.91 வந்தால் அந்தக் கல்தான் குற்றவாளி, அதை விட்டுவிடுங்கள். 400 மீட்டர் ஓடுபாதையை வைத்து அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உள்விளிம்பில் கட்டை உள்ள பாதையில் 400 மீட்டர் என்பது அந்தக் கட்டையிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளந்தது. நீங்கள் ஒரு மீட்டர் தள்ளி உருட்டினால் ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர் கூடிவிடும். வளைவை விட்டு, 100 மீட்டர் நேர்பகுதியில் மட்டும் சுற்றுகளை எண்ணுவது மேல்.

ஜிபிஎஸ் நேரான, திறந்தவெளிச் சாலையில் பத்து கி.மீ.-க்கு மேல் நன்றாகவே உதவும். வளைவுகள் நிறைந்த பாதையில் அது புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போட்டு மூலைகளை வெட்டிவிடும், தூரம் குறையும். அடர்ந்த மரங்களுக்கும் உயரமான கட்டடங்களுக்கும் இடையில் புள்ளிகள் தாறுமாறாகத் துள்ளி, இல்லாத தூரம் சேரும். மலைப்பாதையில் இன்னொரு விஷயம்: தளத்தூரத்தை (ஏற்ற இறக்கம் சேராத கிடைத்தூரத்தை) மட்டும் கூட்டும் கருவிகள் ஏற்றத்தின் சாய்வைக் கணக்கில் எடுக்காது. பத்து சதவீத ஏற்றத்தில் அதனால் 0.5 சதவீதம் குறையும். சக்கரம் அதையும் சேர்த்தே உருளுகிறது.

கேள்வி: சுற்றளவு 2123 என்று கண்டுபிடித்தேன். ஆனால் கருவி மூன்று இலக்கம்தான் கேட்கிறது. எதைப் பதிவது?

கருவி என்ன அலகில் கேட்கிறது என்று கையேட்டில் பாருங்கள். சில மாடல்கள் சுற்றளவைச் சென்டிமீட்டரில் கேட்கும். அப்படியானால் 212. கடைசி இலக்கம் போய்விடுவதால் அரை சென்டிமீட்டர் வரை, அதாவது கால் சதவீதம் வரை துல்லியம் போகும். வேறு வழியில்லை. சில மாடல்கள் விட்டத்தைக் கேட்கும். அப்படியானால் 2123-ஐ 3.1416-ஆல் வகுத்து 676. இன்னும் சிலவற்றில் டயர் அளவுக்கு ஒரு குறியீட்டு எண்தான் உண்டு, நாமாக எதையும் பதிய முடியாது.

அலகை மாற்றிப் பதிந்துவிட்டால் கருவியே காட்டிக்கொடுக்கும். வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தெரிந்தால் சுற்றளவு கேட்ட இடத்தில் விட்டத்தைப் பதிந்திருக்கிறீர்கள். உண்மையான வேகத்தில் 62 சதவீதம் மட்டும் தெரிந்தால் கருவி மைல் கணக்கில் இருக்கிறது, சுற்றளவைத் தொடவே வேண்டாம்.

பதியும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: செட் அல்லது மோட் பொத்தானை இரண்டு மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் ஓர் இலக்கம் மின்னும். ஒரு பொத்தான் இலக்கத்தை ஏற்றும், இன்னொன்று அடுத்த இலக்கத்துக்குத் தள்ளும். கடைசியில் மறுபடி அழுத்திப் பிடித்துச் சேமிக்காவிட்டால் பழைய எண்ணே திரும்பிவிடும். பேட்டரி மாற்றும்போது பல கருவிகள் இந்த எண்ணை மறந்து தொழிற்சாலை எண்ணுக்குப் போய்விடும். சுற்றளவையும் ஓடோமீட்டரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, சைக்கிள் இருக்கைக்குக் கீழே மாட்டும் பைக்குள் வைத்திருங்கள்.

கேள்வி: எண்ணெல்லாம் சரி. ஆனாலும் வேகம் சில நேரம் பூஜ்யத்துக்கு விழுகிறது, சில நேரம் 80-க்கு எகிறுகிறது.

இது அளவுப் பிரச்சினை இல்லை, எண்ணிக்கைப் பிரச்சினை. இதைத் தீர்க்காமல் சுற்றளவைத் தட்டிக் கொட்டிக்கொண்டிருப்பது வீண்.

பூஜ்யத்துக்கு விழுவது என்றால் முதலில் காந்தத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 5 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும், ஆனால் உரசக்கூடாது. சென்சாரின் மேல் ஒரு கோடு அல்லது அம்புக்குறி இருக்கும். காந்தம் அதன் நேர் எதிரே கடக்க வேண்டும். காந்தத்தின் திருகு தளர்ந்தால் ஸ்போக்ஸில் அது கொஞ்சம் கொஞ்சமாக வழுகி நகரும், அல்லது கம்பியைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும். மெதுவாகப் போகும்போது சரியாக இருந்து வேகம் கூடினால் மட்டும் விழுகிறதா? 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு எட்டுமுறை சுற்றுகிறது. ரிம்முக்கு அருகில் வைத்த காந்தம் சென்சாரைக் கடக்கும் நேரம் மிகக் குறைவு, ஸ்விட்ச் மூடுவதற்குள் போய்விடுகிறது. காந்தத்தையும் சென்சாரையும் சேர்த்து ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பக்கமாக இறக்குங்கள். அங்கே காந்தம் நகரும் வேகமும் குறைவு, ஸ்போக்ஸ் கம்பி ஃபோர்க்கை நெருங்கி வருவதால் இடைவெளியும் தானாகக் குறையும்.

ஒரே சீராக இரண்டு மடங்கு காட்டினால், பழைய காந்தம் தொலைந்து, கடையில் கிடைத்த சக்தி வாய்ந்த நியோடிமியம் காந்தத்தை ஒட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ரீட் ஸ்விட்சைச் சுற்றி, அது மூடக்கூடிய பகுதி ஒன்றுக்கு மேல் உண்டு. காந்தம் அளவுக்கு மீறி வலுவாக இருந்தால் ஒரே கடப்பில் இரண்டு மூன்று முறை மூடித் திறக்கும். இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது காந்தத்தைத் திருப்பி வையுங்கள்.

ஒயர் இல்லாத கருவியில் திடீரென்று 80, 90 என்று எகிறினால் வெளியிலிருந்து மின் இரைச்சல் புகுகிறது. கைப்பிடியில் பக்கத்திலேயே கட்டிய எல்இடி விளக்குதான் அடிக்கடி காரணம். விளக்கை அணைத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் அதைக் கைப்பிடியின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழேயும் இப்படி வரலாம். சென்சாருக்கும் தனி பேட்டரி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது சோர்ந்தாலும் எண்ணிக்கை விட்டு விட்டு வரும். இந்த வகைச் சென்சார்களில் பலவற்றுக்கு எட்டும் தூரமே 60, 70 செ.மீ.-தான். ஃபோர்க்கில் மிகக் கீழே கட்டினால் எட்டாது.

ஒயர் உள்ள கருவியில் சோதனை இன்னும் எளிது. கருவியைக் கழற்றி, அடிப்பக்கத்தில் உள்ள இரண்டு உலோகப் புள்ளிகளையும் ஒரு கம்பியால் விட்டு விட்டுத் தொடுங்கள். திரையில் வேகம் வந்தால் கருவி நலம், ஒயரிலோ சென்சாரிலோதான் கோளாறு. ஃபோர்க்கின் தலைப்பகுதியில், கைப்பிடி திரும்பும்போது மடங்கி மடங்கி ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே தெரியாது. மழையில் நனைந்த பிறகு மட்டும் தகராறு செய்தால் புள்ளிகளையும் தாங்கியையும் உலர்ந்த துணியால் துடைத்தாலே சரியாகிவிடும்.

கேள்வி: ஹப்பில் மாட்டும் புளூடூத் சென்சார் வாங்கினேன். கம்ப்யூட்டரில் ஒரு தூரம், செல்போன் செயலியில் வேறு தூரம். சென்சார் ஒன்றுதானே?

சென்சார் ஒன்றுதான், ஆனால் அதற்குச் சக்கர அளவு தெரியாது. மொத்தம் எத்தனை சுற்று, கடைசிச் சுற்று எப்போது முடிந்தது என்ற இரண்டைத்தான் அது அனுப்புகிறது. நேரத்தை ஒரு வினாடியில் 1024-இல் ஒரு பங்கு என்ற அலகில் சொல்லும். சுற்றளவால் பெருக்கும் வேலை கம்ப்யூட்டரிலும் செயலியிலும் தனித்தனியாக நடக்கிறது. இரண்டிலும் அதே எண்ணைப் பதியுங்கள்.

ஜிபிஎஸ் உள்ள சில கம்ப்யூட்டர்கள் முதல் சில கிலோமீட்டரில் சுற்றளவைத் தாமாகவே கணக்கிட்டுக்கொள்ளும். அன்றைக்கு வளைந்த பாதையில் போயிருந்தால் தவறான எண்ணே நிலைத்துவிடும். உருட்டி அளந்த எண் கையில் இருந்தால் தானியங்கியை அணைத்துவிட்டு அதைப் போடுங்கள்.

கேள்வி: இத்தனை நாள் 2155-இல் 3,480 கி.மீ. ஓட்டிவிட்டேன். சரியான எண் 2096 என்று இப்போதுதான் தெரிந்தது. ஓடோமீட்டர் தானாகத் திருந்துமா?

திருந்தாது. எண்ணை மாற்றிய பின் ஓட்டுவதுதான் சரியாக வரும். உண்மைத் தூரம் 3,480 × 2096 ÷ 2155 = 3,385 கி.மீ. ஓடோமீட்டரில் தொடக்க எண்ணைப் பதியும் வசதி இருந்தால் இதைப் பதிந்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்குள் டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) பின்சக்கரத்தை மாட்டி ஓட்டுகிறேன். அதற்கும் இந்த எண் முக்கியமா?

தூரம் மட்டும் பார்ப்பதானால் இல்லை. ஆனால் செயலி உங்கள் வேகத்திலிருந்து வாட்ஸ் (நீங்கள் மிதிக்கும் சக்தி) கணக்கிடுகிறது என்றால் மிகவும் முக்கியம். திரவத்தால் தடை கொடுக்கும் டிரெய்னர்களில் வேகம் கூடக்கூடத் தேவைப்படும் சக்தி மிகச் செங்குத்தாக ஏறும். வேகத்தின் முப்படியை ஒட்டி ஏறினால் 2 சதவீத வேகத் தவறு 6 சதவீத வாட்ஸ் தவறாக ஊதிவிடும். பின்சக்கரத்தை அளந்து பதியுங்கள். காற்றழுத்தத்தையும், ரோலரை டயரோடு இறுக்கும் திருகின் சுற்றுகளையும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே வையுங்கள்.

கேள்வி: மாரத்தான் பாதைகளைச் சைக்கிளால்தான் அளக்கிறார்கள் என்று படித்தேன். இவ்வளவு பிழை வரும் சைக்கிளை எப்படி நம்புகிறார்கள்?

சுற்றளவு என்ற எண்ணையே அவர்கள் பயன்படுத்துவதில்லை என்பதுதான் பதில். முன்சக்கரத்தில் ஹப் அருகே ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற சின்ன எண்ணியைப் பொருத்துகிறார்கள். ஆலன் ஜோன்ஸ் 1971-இல் உருவாக்கியது. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு இருபதுக்கு மேல் எண்ணும். குறைந்தது 300 மீட்டர் நீளமுள்ள நேர்பாதை ஒன்றை இரும்பு டேப்பால் அளந்து, வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்தி வைத்துக்கொண்டு, அதில் நான்குமுறை ஓட்டி ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று கண்டுபிடிக்கிறார்கள். பிறகு பந்தயப் பாதையை அளக்கிறார்கள். முடிந்ததும் திரும்பி வந்து மறுபடி நான்குமுறை அதே நேர்பாதையில் ஓட்டுகிறார்கள்.

முன்னும் பின்னும் ஓட்டுவதன் காரணம் காற்று. காலைக் குளிரில் தொடங்கி வெயில் ஏறும்போது டயருக்குள் அழுத்தம் கூடி, சக்கரம் இம்மியளவு பெரிதாகும், கிலோமீட்டருக்கான எண்ணிக்கை குறையும். இரண்டு எண்ணையும் ஒப்பிட்டு அதைத் திருத்துகிறார்கள். இத்தனைக்கும் பிறகு, பாதை எக்காரணத்தாலும் குட்டையாகிவிடக்கூடாது என்பதற்காக 0.1 சதவீதம் கூட்டிக்கொள்கிறார்கள். மாரத்தானின் 42.195 கி.மீ.-க்கு அது 42 மீட்டர்.

நம் கம்ப்யூட்டருக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்க ஒன்று உண்டு. நீண்ட பயணத்துக்காக அளப்பதானால் அதிகாலைக் குளிரில் அளக்க வேண்டாம். பத்து நிமிடம் ஓட்டி டயர் சூடான பிறகு, பயணத்தன்று கட்டும் மூட்டையையும் கட்டிக்கொண்டு அளங்கள்.

கேள்வி: முன்சக்கரத்தில் சென்சார் வைப்பதா, பின்சக்கரத்திலா?

சாலையில் ஓட்ட முன்சக்கரம். அதன் மேல் எடை குறைவாக விழுவதால் மூட்டை ஏற்றி இறக்கினாலும் அளவு அதிகம் மாறாது. ஏற்றத்தில் மிதிக்கும்போது வழுக்கிச் சுற்றவும் செய்யாது. கைப்பிடி ஆட்டத்தால் பின்சக்கரத்தைவிட இம்மியளவு அதிகம் உருளும், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. டிரெய்னரில் முன்சக்கரம் நின்றுகொண்டிருக்கும் என்பதால் அங்கே மட்டும் பின்சக்கரம். இரண்டுக்கும் ஒரே சென்சாரை மாற்றி மாற்றி மாட்டுவதானால், கருவியில் சக்கரம் 1, சக்கரம் 2 என்று இரண்டு அளவு பதியும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.